எலும்பு மேடமும் ஓரகத்தியும்

தோட்டத்தில் குழி தோண்டும்போது ஓர் எலும்பு தட்டுப்பட்டால் அதை யாரிடம் கொண்டுபோவது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, பல் வலித்தால் எங்கே போவது என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எலும்பு விஷயத்தில் மட்டும் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் ஒரே மாதிரி முழிக்கிறார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுகிறார்கள். அவர் மனித எலும்பு என்று அடித்துச் சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதுவரை பார்த்த எலும்பெல்லாம் மனித எலும்புதான். நாய் எலும்பில் அவர்களுக்கு என்ன சுவாரசியம்?

இப்படி அலைந்து திரிந்து, கடைசியில் அந்த நகரத்து மியூசியத்தின் பின்பக்கத்தில், கழிப்பறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே இருக்கிற ஓர் அறைக்கு வந்து சேர்வார்கள். கதவில் ஒரு பலகை. பழைய குடியிருப்புகளைத் தோண்டும்போது கிடைக்கும் விலங்கு எலும்புகளை ஆராய்பவர் என்று பொருள்படும் ஒரு பதவிப் பெயர் அதில் இருக்கும். பலகையில் இடம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் அடுத்த வரியில் அனாதையாக நிற்கும். அதை முழுதாகப் படித்தவர் யாரும் இல்லை. காவலாளியிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'எலும்பு மேடம்'. குடியிருக்கும் தெருவிலும் அதே பெயர்தான். இதில் ஒரே தொந்தரவு, முட்டிவலிக்காரர்கள் வீடு தேடி மாடியேறி வந்துவிடுவார்கள். "உயிரோட இருக்கிறவங்கள நான் பாக்கிறதில்லைங்க" என்று மேடம் சொன்னதும், ஏறியதைவிட வேகமாக இறங்கிப் போவார்கள். வலி பாதி போய்விடும் போல.

அறைக்கு வருகிறவர்கள் தினுசு தினுசு. சாலை போடும் கான்ட்ராக்டர் மண்வெட்டியோடு வருவார். ஓட்டலில் ஆடு என்று சொல்லிப் பரிமாறியது ஆடுதானா என்று தெரிந்துகொள்ள, தட்டில் மிஞ்சியதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்த ஒருவரும் உண்டு. ஆடுதான். வெள்ளாடா செம்மறியா என்று அவர் அடுத்துக் கேட்டதும் மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. அந்த இரண்டையும் எலும்பை வைத்துப் பிரிப்பதற்குள் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கே நாக்குத் தள்ளிவிடும்.

அறை முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம், மண்டையோட்டிலிருந்து வால்நுனி வரை பிரித்து அடுக்கப்பட்டிருக்கும். வந்த எலும்பை எடுத்து, இழுப்பறை எலும்பின் பக்கத்தில் வைத்து, பள்ளத்துக்குப் பள்ளம் மேட்டுக்கு மேடு ஒத்துப் பார்க்க வேண்டும். தெரியாததைத் தெரிந்ததன் பக்கத்தில் வைப்பது. அத்தனை வருடப் படிப்பும் இதற்குத்தான். புதிதாக ஒரு மிருகம் சேர வேண்டுமென்றால் அது எங்கேயாவது செத்தாக வேண்டும். மிருகக்காட்சிசாலையிலிருந்து போன் வரும். உடல் வந்ததும், பின்னால் உள்ள ஷெட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கிற வண்டுகளிடம் கொடுத்துவிடுவார்கள். சதையை மட்டும் தின்று எலும்பைத் துடைத்து வைப்பது அவற்றின் வேலை. அந்த மியூசியத்தில் லீவு எடுக்காத ஊழியர்கள் அவைதான்.

ஆனால் எலும்புக்காரர்களுக்குள் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலு பேர் கூடிவிட்டால், ஒருவர் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் போடுவார். எந்த இழுப்பறையையும் திறக்கக்கூடாது. பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்ல வேண்டும். மேடம் இதில் கெட்டிக்காரி. துண்டு மேஜையில் உருண்டு நிற்பதற்குள் பெயர் வாயிலிருந்து தெறித்து விழும். கூடவே ஒரு சிரிப்பும் வரும். ஐம்பதைத் தொட்ட பெண்மணியின் சிரிப்பு அல்ல அது; கண்ணாமூச்சியில் ஒளிந்திருந்தவளைக் கண்டுபிடித்த சிறுமியின் சிரிப்பு.

அந்தச் சிரிப்புதான் பிறகு அவர் காலை வாரிவிட்டது.

மேடத்தின் வீடு மாடியில். கீழ்வீட்டில் அவருடைய ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, தனியாக இருந்தார். கீழ்வீட்டம்மாவுக்கு பேக்கரியில் கல்லா வேலை. சாயங்காலம் திரும்பும்போது விற்காமல் நின்ற ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு நேராக மாடிக்கு வருவார். "எலும்பி, கதவத் திற" என்பார். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர் ஒருவருக்குத்தான் உரிமை. உள்ளே வந்ததும் மூக்கைச் சுளிப்பார். "இன்னைக்கு யாரு செத்தாங்க? உன் புடவையே சொல்லுது."

"குள்ளநரி, அக்கா."

"உனக்கு வாய்ச்ச வேலை அப்படி. செத்ததுங்களோட நாள்பூரா பேசிட்டு வந்து, உயிரோட இருக்கிற மனுஷன்கிட்ட முகம் குடுத்துப் பேசமாட்டேங்கிற." இது, சோபாவில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிற தன் கொழுந்தனாருக்காகச் சொல்வது. செய்தித்தாள் தலையை ஆட்டி ஆமோதிக்கும்.

இவ்வளவு வாயாடுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் தெரிந்தவர்கள் யாரும் கேட்பதில்லை. அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். ஒரு விடுமுறை நாளில் மலையடிவாரத்து நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் போடப் போனார். கரையில் மோட்டார் சைக்கிள் இருந்தது, தூண்டில் பெட்டி இருந்தது. ஆள் மட்டும் இல்லை. முக்குளிப்பவர்கள் தேடினார்கள், காட்டுக்குள்ளும் தேடினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தேடுவதை நிறுத்தினார்கள். வருடங்கள் ஓடின. புதிதாகப் பழகும் யாராவது "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால் "வெளியூர்ல வேலை" என்று சொல்லிவிடுவார். அலமாரியில் கணவரின் சட்டைகள் தொங்கின. அவற்றை எடுத்து அவ்வப்போது மறுபடி இஸ்திரி போடுவார். போடாத சட்டை எப்படித்தான் கசங்குமோ.

அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. கல் நெஞ்சு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மேடத்துக்கு மட்டும் காரணம் தெரியும். ஒருநாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஓரகத்தி சொன்னார்: "நான் அழுதுட்டா முடிஞ்சு போச்சுன்னு ஆயிடும். அவர் ஒருவேளை எங்கயாவது இருந்தா, இவ அதுக்குள்ள அழுது முடிச்சுட்டான்னு ஆயிடும்ல?" விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

அந்தக் கோடையில் நீர்த்தேக்கம் வற்றியது. வெடித்த சேற்றில் நடந்த மீனவர் ஒருவர் ஒரு கொத்து எலும்பைக் கண்டார். மணிக்கட்டு, உள்ளங்கை, வரிசையாக விரல்கள். மோட்டார் சைக்கிள் நின்றிருந்த அதே கரைப்பக்கம்.

பழைய கேஸ் நினைவிருந்த இன்ஸ்பெக்டர் எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருக்கும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை அல்லவா? முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பாத்த கையெல்லாம் மனுஷக் கைதான். அதனால எனக்கு இது மனுஷக் கை மாதிரிதான் தெரியுது. எழுதிக் குடுங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். யோக்கியமான பதில். கால்நடை டாக்டர் இன்னும் யோக்கியம். "மாடு, குதிரை, நாய்னா கண்ண மூடிட்டுச் சொல்லுவேன் சார். இது நான் வைத்தியம் பாத்த ஜாதி இல்ல." பல்கலைக்கழகத்தில் புதைபடிவப் பேராசிரியர் நகத்தால் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இது இன்னும் எலும்பாவே இருக்கே. கல்லானதும் கொண்டாங்க." மனித எலும்பைப் பார்த்தே வயது, உயரம் சொல்லக்கூடிய மானுடவியல் நிபுணர் ஒருவர் இருந்தார், ஆனால் அவர் கடல் கடந்து மாநாட்டில் இருந்தார். போனில் சொன்னார்: "போட்டோவப் பாத்துச் சொல்றது ஜோசியம். நான் திரும்பி வர நாளாகும். மனுஷன்தான்னா அப்புறம் என்கிட்ட வாங்க. மனுஷனா மிருகமான்னே சந்தேகம்னா அதுக்குப் பொருத்தமான ஆள் உங்க ஊர்லயே இருக்காங்க."

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். அந்த ஆள் யார் வீட்டு மருமகள் என்பது அவருக்குத் தெரியும்.

இதற்கிடையில் ஸ்டேஷனிலிருந்து ஒரு புண்ணியவான் பேக்கரிக்கு போன் செய்து "கை ஒண்ணு கிடைச்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். கீழ்வீட்டம்மா கல்லாவை மூடினார். வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். பிறகு அழுதார். மாடியில் கணவனும் மனைவியும் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடமும் சேர்த்து வைத்த அழுகை. நடுவில் மூச்சு வாங்க நிற்கும், மறுபடி தொடங்கும். மேடம் இரண்டு முறை படி இறங்கி, கதவு வரை போய், தட்டாமல் திரும்பினார். இருட்டுவதற்குள் அது ஓய்ந்தது. முகம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

சொந்த வீட்டு விஷயத்தைத் தானே பார்க்கக்கூடாது என்பது மேடத்துக்குத் தெரியும். மறுநாள் காலை வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் அதைத்தான் சொன்னார். "வேற ஆள வரவழைங்க சார்."

பக்கத்தில் நின்ற ஓரகத்தி குறுக்கிட்டார். கண் வீங்கியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "வேற யாரோ எதுக்கு? அவளே பாக்கட்டும். அவ பொய் சொல்லமாட்டா."

மேடம் அறைச் சாவியை எடுத்துக்கொண்டார்.

மியூசியத்துக்கு மூவருமாகப் போனார்கள். ஓரகத்தி உள்ளே வரவில்லை. வெளி வராந்தாவில், பஞ்சு பிதுங்கிய ஒரு நெருப்புக்கோழிக்குப் பக்கத்துப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அறைக்குள் மேடம் கையுறையை மாட்டினார். நல்ல வார்த்தைகளாக நாலைந்து மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தார். 'மனுஷ எலும்பு' என்று தெரிந்தால் சொல்ல ஒரு வாக்கியம், இல்லையென்று தெரிந்தால் ஒரு வாக்கியம். இன்ஸ்பெக்டர் பையைத் தட்டில் கவிழ்த்தார். எலும்புகள் உருண்டன.

அவை உருண்டு நிற்பதற்குள் அது தெறித்து விழுந்தது.

"கரடி." கூடவே அந்தச் சிரிப்பும்.

தயார் செய்த வாக்கியங்கள் போன இடம் தெரியவில்லை. கண் மட்டும் இருந்தது, கண்ணுக்கு எதிரே எலும்பு இருந்தது. "எந்த டாக்டரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க சார். இது கை இல்ல, முன்னங்கால். நகம் இருக்கிற கடைசி எலும்புங்க தோலோடயே போயிடுச்சு, அதான் கை மாதிரி இருக்கு. இங்க பாருங்க, நமக்கு விரல் தொடங்கிற இடத்துல முட்டு மழமழன்னு உருண்டையா இருக்கும். இதுல நடுவுல ஒரு வரப்பு ஓடுது பாருங்க. கட்டை விரல்தான் இருக்கிறதுலயே சின்னது. நமக்கு இருக்கிற மாதிரி தனியா விலகியும் நிக்கல." மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனார். "எங்ககிட்ட கரடி முன்னங்கால் முழுசா ஒண்ணு கூட இல்ல சார். உங்க வேலை முடிஞ்சதும் இத நாங்க வச்சுக்கலாமா?"

இன்ஸ்பெக்டரின் பார்வை ஜன்னலுக்குப் போயிருந்தது. கோடைக்காலம், ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு அப்பால் நெருப்புக்கோழியின் தலையும், அதன் பக்கத்தில் இன்னொரு தலையும் தெரிந்தன.

வீட்டுக்கு வந்ததும், விஷயம் கேள்விப்பட்ட கொழுந்தனார் மாடியிலிருந்து ஓடி வந்தார். "அண்ணி, நல்ல செய்திதானே இது? இன்னும் நம்பிக்கை இருக்குன்னுதானே அர்த்தம்?"

"நம்பிக்கைய நான் நேத்தே இறக்கி வச்சுட்டேன்பா" என்றார் அண்ணி. "மறுபடி தூக்கித் தலையில வச்சுக்கச் சொல்றீங்க."

மேடம் படிக்கட்டில் நின்றார்.

"அக்கா..."

"நீ சொன்னது நிஜம்னு தெரியும். அதுக்குத்தான் உன்னையே பாக்கச் சொன்னேன்." சாவியைத் தேடிக் கைப்பையைக் குடைந்துகொண்டே பேசினார். "ஆனா சிரிச்சியே. குழந்தைக்கு பொம்மை கிடைச்ச மாதிரி. வச்சுக்கலாமான்னு வேற கேட்ட."

"என்ன அறியாம வந்துடுச்சுக்கா."

"அது தெரியும். உன்ன அறிஞ்சு வந்திருந்தா நான் உன்கூட பேசிட்டே இருக்கமாட்டேன்." கதவைத் திறந்து உள்ளே போனார். பேசிட்டே இருக்கமாட்டேன் என்று சொன்னவர், அதற்குப் பிறகு பேசவும் இல்லை.

ரொட்டி மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் அது தாளில் சுற்றி நடுப்படியில் இருக்கும். கூப்பிடுவதில்லை, கதவைத் தட்டுவதில்லை. சண்டை என்றால் ரொட்டி வரக்கூடாது. சமாதானம் என்றால் மேலே வர வேண்டும். நடுப்படியில் வைத்தால் என்ன கணக்கு? மேடம் அதைக் குனிந்து எடுக்கும்போதெல்லாம் திருடியது போலக் கூசினார். "இன்னைக்கு யாரு செத்தாங்க" என்று கேட்க ஆளில்லாத வீட்டில், மேடம் தன் புடவையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

மியூசியத்தில் அவர் செய்த ஒரு காரியம் யாருக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் வேலையை முடித்து எலும்பை அனுப்பி வைத்த பிறகு, அதைச் சேறு போகக் கழுவி, உலர்த்தி, தொகுப்பில் இருந்த துண்டு துக்காணிக் கரடி எலும்புகளோடும், இரவல் வாங்கிய பிளாஸ்டர் அச்சு வார்ப்புகளோடும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அதில் ஆச்சரியமில்லை, முறைப்படி செய்ய வேண்டியதுதான். ஆனால் பார்த்த நோக்கம் வேறு. கூட்டத்தில் ஒன்றாவது, ஒரு சின்ன விரல் எலும்பாவது, கரடிக்குச் சேராததாக இருக்காதா என்று தேடினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர், முதல் தடவையாகத் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டினார். பூதக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எல்லாமே கரடி. அசலான, ஒரு விரல் கூடப் பிசகாத கரடி. எந்த எலும்புக்காரருக்கும் வாழ்க்கையில் ஒரு தடவை கிடைத்தால் போதும் என்கிற மாதிரியானது. அதை இழுப்பறையில் பஞ்சு பரப்பி வைத்து மூடினார்.

பேக்கரிக்கு விடுமுறையான ஒரு நாளில், காவலாளி வந்து "உங்க அக்கா வந்திருக்காங்க மேடம்" என்றார்.

ஓரகத்தி உள்ளே வந்தார். அத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் பார்த்தார். "இத்தன மிருகத்தையும் அலமாரில அடுக்கி வச்சிருக்க. நம்ம வீட்டு அலமாரியத் தொறந்தா துணி மேல விழுது." மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, பயந்து விழுங்கினார்.

"அத எனக்குக் காட்டு" என்றார் ஓரகத்தி.

எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மேடம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். இழுப்பறையை இழுத்தார். வெள்ளைப் பஞ்சின்மேல் எலும்புகள் விரித்து வைத்தபடி இருந்தன. மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள்.

ஓரகத்தி குனிந்து பார்த்தார். பிறகு, கையுறை கேட்காமல், நடுவிரல் எலும்பு ஒன்றைத் தொட்டார். மேடம் தடுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையைத் தட்டிவிட்டிருப்பார்.

"இதுக்காகத்தான் அன்னைக்கு அவ்ளோ அழுதேன்" என்றார். "அப்புறம் இது அவர் இல்லைன்னு சொல்லிட்ட. சரி, அழுததெல்லாம் வீண், மறுபடி முதல்லருந்து காத்துக்கிட்டு இருக்கணும்னு நினைச்சேன். முயற்சி பண்ணிக்கூட பாத்தேன். சட்டைய எடுத்து இஸ்திரி போடலாம்னு பெட்டியச் சூடு பண்ணேன். முடியல. காத்திருக்கிறது விட்டுப்போச்சு. அழுகைய யாரும் திருப்பி வாங்கிக்க மாட்டேங்கிறாங்க."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்கைந்து நல்ல வாக்கியங்கள் மறுபடி வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"இந்தக் கரடிக்காக அழுதேன்னே வை" என்றார் ஓரகத்தி, எங்கேயோ பார்த்து. "அழுதது அவருக்குத்தான். எதிர்ல இருந்தது யாரா இருந்தா என்ன." பிறகு குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். "ஏண்டி, கை மாதிரியேதான் இருக்கு."

அந்த அறையில் அந்தச் சொல்லை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். கை இல்லைங்க, முன்னங்கால் என்று எத்தனையோ தடவை மேடம் திருத்தியிருக்கிறார். அமைச்சர் ஒருவர் வந்து சொன்னபோதுகூட விடவில்லை. திருத்தம் இப்போதும் நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாக்கா" என்றார் மேடம். "கை மாதிரிதான் இருக்கு."

இரண்டு பேருமாக இழுப்பறையைத் தள்ளி மூடினார்கள். அது கொஞ்சம் இறுக்கம்; ஒரு ஆள் தள்ளினால் லேசில் போகாது.

அதற்குப் பிறகு மேடத்தின் அறையில் ஒரு மாற்றம் உண்டு. யாராவது பையோடு வந்தால் முதலில் ஜன்னலைச் சாத்துகிறார். பையைத் திறக்க விடுவதில்லை. "யாரோடதுன்னு நினைச்சுக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்கிறார். பாதிப் பேர் மேடம் விளையாடுகிறார் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்குகிறார்கள். மாநாடுகளில் மேஜைமேல் எலும்பு உருளும்போது அவர் இப்போதெல்லாம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று சக எலும்புக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

மியூசியத்துக்கு ஓரகத்தி வந்துபோன அன்று சாயங்காலம் ரொட்டி மாடிக்கு வந்தது. கூடவே, மடித்த சட்டைகள் அடுக்கிய ஒரு பெரிய பை.

"உன் வீட்டுக்காரருக்குச் சரியா வருதான்னு பாரு எலும்பி. அண்ணன் தம்பிதானே."

கொழுந்தனார் செய்தித்தாளை வைத்துவிட்டு எழுந்துபோய் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கை சரியாக இருந்தது. தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. அண்ணி தொங்கிய தோளைப் பார்த்தார்.

"கழட்டிக் குடுங்க" என்றார். "தோளைப் பிடிச்சுத் தச்சுடுறேன்."